வெள்ளீயப் பதக்கம்

காஞ்சிக்கு அண்மையில் புள்ளலூர் என்றோர் ஊர் உண்டு. பழைய செங்கற்பட்டு மாவட்டத்து ஊர். 1780 செப்டம்பர் 10ஆம் நாள், கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஐதர் அலியும் அவன் மைந்தன் திப்புவும் அங்கேதான் வளைத்து முறித்தனர். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன, படை சிதைந்தது. சிறைப்பட்டோரில் ஒருவன் காப்டன் டேவிட் பெயர்டு, ஸ்காத்லாந்துக்காரன். உடலெல்லாம் காயத்தோடு சீரங்கப்பட்டணத்தில் அடைபட்டவன், 1784இல் மங்களூர் உடன்படிக்கை வந்த பின்னரே வெளிச்சம் கண்டான். பெய்லியோ 1782இல் சிறையிலேயே மாண்டான்.

1799 மே 4. தன்னைப் பூட்டிய அதே கோட்டையின் மீது பாய்ந்த படைக்குப் பெயர்டே தலைவன். திப்பு வீழ்ந்தான். ஆனால் கோட்டையின் பொறுப்போ கவர்னர் ஜெனரலின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லிக்குப் போயிற்று. (உறவுக்குப் பதவி என்பது நம் நாட்டு நோய் மட்டுமன்று!) பிறகு எகிப்து, நன்னம்பிக்கை முனை, 1809இல் கொருன்னாவில் ஒரு கையையும் இழந்தான். பட்டங்கள் வந்து சேர்ந்தன.

நாம் நின்று நோக்க வேண்டியது அந்த வெற்றிக்கென அடித்த பதக்கத்தை. அதில் சிங்கம் புலியை வீழ்த்துகிறது. உயர் தளபதிகளுக்குப் பொன், அடுத்த நிலையினர்க்குப் பொன்முலாமிட்ட வெள்ளி, அதற்கடுத்து வெள்ளி, அவில்தார் முதலானோர்க்கு வெண்கலம். மதிலேறிய சிப்பாய்க்கு? வெள்ளீயம்! வெள்ளைக்காரச் சாதாரண வீரனுக்கும் அதுவேதான். உலோகத்திலும் வருணம் வகுத்தனர்.

புள்ளலூரில் இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. 1781இல் மீண்டும் அதே களத்தில் நடந்த போரில் மடிந்த இரு வெள்ளை அதிகாரிகளுக்கு அவை. முதற்போரில் பெய்லியோடு நின்றவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள்.