ரானடே சாலையிலிருந்து வந்த பெயர்ப்பட்டியல்

பொய்ச்செய்தி குறித்த ஆய்வுரைகள் பெரும்பாலும் 2016ஆம் ஆண்டிலிருந்தே கதையைத் தொடங்குகின்றன. மும்பைத் தமிழர் வரலாற்றைப் பயில்வோருக்கு அதற்கும் அரை நூற்றாண்டு முந்தைய சான்று தாதரிலேயே கிடைக்கிறது. அங்கே அச்சேறிய மெய்ச்செய்தியே பொய்யின் வேலையைச் செய்தது.

'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' நாளேட்டில் கேலிச்சித்திரம் வரைந்துவந்த பால் தாக்கரே, அதிலிருந்து விலகி 1960 ஆகஸ்ட் 13 அன்று 'மார்மிக்' என்னும் மராத்தி வார இதழைத் தொடங்கினார். (அந்த நாளேட்டை நிறுவிய எஸ். சதானந்த்தான் 1934இல் சென்னையில் 'தினமணி'யையும் தொடங்கியவர் என்பது தமிழ் வாசகருக்கு வியப்பளிக்கலாம்.) தாதர் ரானடே சாலையில் இருந்த குடும்ப வீட்டிலிருந்து இதழ் இயங்கியது. 1960களின் நடுப்பகுதியில் அது பட்டியல்களை வெளியிடலாயிற்று. நகரத்து நிறுவனங்களில் பணிபுரிந்த அதிகாரிகளின் பெயர்கள் அவற்றில் வரிசையாக நின்றன. பெரும்பாலானவை தென்னிந்தியப் பெயர்கள். 'படியுங்கள், சும்மா இருங்கள்' என்ற குத்தலான தலைப்பு, பின்னர் 'படியுங்கள், எழுங்கள்' என்று மாறியது.

மொழியியல் நோக்கில் பட்டியல் என்பது வினைமுற்று இல்லாத பனுவல். வினைமுற்று இல்லையேல் கூற்று இல்லை. கூற்று இல்லையேல் மறுப்பதற்கும் ஏதுமில்லை. ஓர் அலுவலகத்தில் ஐயரும் நாயரும் ஷெட்டியும் இருந்தது உண்மையே. ஆங்கிலமும் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுவந்த தென்னிந்தியர் எழுத்தர் பணிகளில் மிகுதியாக இருந்ததும், படித்த மராத்தி இளைஞர் பலர் வேலையின்றித் தவித்ததும் உண்மையே. 'இவர்கள் நம்முடையதைப் பறித்தார்கள்' என்ற வாக்கியத்தை வாசகரே எழுதிக்கொண்டார். பட்டியலில் விடுபட்டவற்றை யாரும் தேடவில்லை. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தென்னக மொழிகள் நான்கையும் பேசுவோரைக் கூட்டினாலும் நகர மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தொடாது.

நான்கு மொழியினரும் 'மதராசி' என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டனர். அவர்கள் பேச்சு 'யண்டு குண்டு' என்ற வெற்றொலியாகக் கேலி செய்யப்பட்டது. பொருளற்ற ஒலியாகக் கேட்கும் மொழியில் வரும் மறுப்பு யார் காதில் ஏறும்?

இதழியல்மீது மக்கள் நம்பிக்கை இழந்துவருவதாக இன்று நாம் எழுதுகிறோம். தாதரின் சான்று எனக்கு வேறொன்றைக் காட்டுகிறது: நம்பிக்கை அழியவில்லை, இடம் மாறியது. சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டக் காலத்தில், பெருமுதலாளிகளின் ஆங்கில நாளேடுகள் தம் கோரிக்கைக்குப் பகை என்ற எண்ணம் மராத்தி வாசகரிடம் வேரூன்றியது. அந்த மனக்குறைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஆச்சார்ய அத்ரே 1956இல் தொடங்கிய 'மராட்டா' அப்போராட்டத்தின் குரலாக ஒலித்தது. தம் மொழியில் தம்மிடம் பேசிய இதழை நம்பும் பழக்கம் 'மார்மிக்'குக்கு முன்பே உருவாகியிருந்தது.

1966 ஜூன் 19இல் சிவசேனை பிறந்தது. அக்டோபர் 30இல் சிவாஜி பூங்காவில் முதல் பெருங்கூட்டம். கலைந்து சென்றவர்களில் சிலர் வழியிலிருந்த தென்னிந்திய உணவகங்களைத் தாக்கினர். பட்டியலில் இருந்தவர்கள் அலுவலக அதிகாரிகள். அடிபட்டவை இட்லிக் கடைகள். உடுப்பி உணவகங்களை நடத்திய பலரின் தாய்மொழி துளுவோ கன்னடமோதான்.

கிளேர் வார்டலும் ஹொசைன் தெராக்‌ஷானும் 2017இல் ஐரோப்பிய மன்றத்துக்கு அளித்த அறிக்கை, தீங்கு செய்யும் நோக்கில் பரப்பப்படும் மெய்த்தகவலைத் தனி வகையாகப் பிரிக்கிறது. இன்றைய உண்மைச் சரிபார்ப்புக் குழு ஒன்று அந்தப் பட்டியலைப் பெயர் பெயராகச் சோதித்திருந்தாலும் 'சரி' என்றே முத்திரையிட்டிருக்கக்கூடும்.

1988இல் அதே இயக்கத்தின் நாளேடாகத் தாதரை அடுத்த பிரபாதேவியிலிருந்து 'சாம்னா' வெளிவரத் தொடங்கியது. இலக்கு முஸ்லிம்களாக மாறியிருந்தது. 1993 ஜனவரி வன்முறைக்கு வெறியூட்டிய எழுத்துகள் 'சாம்னா', 'நவாகாள்' போன்ற ஏடுகளில் வந்தவை என்று நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998இல் பெயர் சுட்டி எழுதியது. அப்போது ஆட்சியில் இருந்த சிவசேனை–பாஜக அரசு, அந்த அறிக்கையே ஒருதலைப்பட்சமானது என்று கூறி ஏற்க மறுத்தது.