குளூனிப் பெருங்கோவிலும் வழியோரச் சிறு கோவில்களும்

நம் பங்கின் நூற்றாண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எங்களைக் கேட்டனர். நம் கோவிலின் வரலாற்றை எழுத எங்களைவிடத் தகுதியான பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே நாங்கள் நேரில் கண்டுவந்த வேறு சில கோவில்களின் வரலாற்றை எழுத முன்வந்தோம். விழாவையொட்டி, பழைய கோவிலை இடித்துவிட்டுப் பெரிதாக ஒன்று எழுப்பலாமா என்ற பேச்சு நம்மிடையே நடந்துகொண்டிருக்கிறது. இந்த வழக்கில் அக்கோவில்களும் சாட்சி சொல்லட்டும் என்பது எங்கள் எண்ணம்.

பிரான்சு நாட்டின் கிழக்கே பர்கண்டி என்றொரு பகுதி உண்டு. அங்கே சோன் ஆற்றங்கரையிலுள்ள துர்னு என்ற சிற்றூரிலிருந்து குளூனி வரை, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவை, நாங்கள் நால்வர் மூன்று நாட்களில் நடந்து கடந்தோம். பேருந்து இருக்க நடப்பானேன் என்று புறப்படும்போது வீட்டார் கேட்டது உண்மை. வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லையே! மரங்களிலும் கற்களிலும் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கோடுகள் தீட்டி நடைபாதையை அடையாளம் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கோடுகளை நம்பினால் போதும், வழி தவறாது. திராட்சைத் தோட்டங்கள், வேலிக்குள் மேயும் வெள்ளை மாடுகள், ஊர்ப் பெண்கள் முன்னாளில் கூடித் துணி துவைத்த கல் தொட்டிகள், அப்புறம் ஒரு மணிக்கூண்டு. ஒரு கோவில் கண்ணுக்கு மறைவதற்குள் அடுத்த ஊர்க் கோவில் தெரிந்துவிடும்.

துர்னுவில் உள்ள புனித பிலிபெர்த் ஆலயத்தின் கதை ஒரு நெடும் பயணத்தின் கதை. மேற்குக் கடலில் நுவார்முத்தியே என்ற தீவில் துறவியர் சிலர் புனித பிலிபெர்த்தின் அருளிக்கங்களைக் காத்து வந்தனர். வடக்கிலிருந்து கப்பல்களில் வந்த வைக்கிங் கொள்ளையருக்கு அஞ்சி, 836-ஆம் ஆண்டில் புனிதரின் உடலைத் தூக்கிக்கொண்டு உள்நாடு நோக்கிப் புறப்பட்டனர். ஓரிடத்தில் தங்குவதும், அங்கும் கொள்ளையர் வந்தால் மீண்டும் தூக்கிக்கொண்டு நடப்பதுமாக நாற்பதாண்டுக் காலம் கழிந்தது. 875-இல்தான் துர்னுவில் இளைப்பாற இடம் கிடைத்தது. தொடங்கியவர்களில் எத்தனை பேர் இந்த ஊரைக் கண்டிருப்பார்கள்!

இன்றுள்ள ஆலயம் 11-ஆம் நூற்றாண்டில் உருவானது. உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவன தூண்கள். சிறு சிறு இளஞ்சிவப்புக் கற்களை அடுக்கிக் கட்டிய பருத்த உருண்டைத் தூண்கள். சிற்பமில்லை, பூவேலை இல்லை. அண்ணாந்து பார்த்தால் கூரை விந்தையாக இருக்கிறது. மாட்டுவண்டிக் கூண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே நிறுத்தியதைப் போல வளைவுகளைக் கட்டியிருக்கிறார்கள். இதனால் கூரையின் பாரம் பக்கச் சுவர்கள் மேல் விழுவதில்லை. சுவரின் உச்சியில் சன்னல் வைக்க முடிகிறது. நடுக்கோவில் முழுவதும் வெளிச்சம் பரவுகிறது. 2002-ஆம் ஆண்டில் பீடத்தைச் சுற்றிய நடையின் தரைக்குக் கீழே 12-ஆம் நூற்றாண்டுப் பதிகல் ஓவியமொன்று வெளிப்பட்டது. பன்னிரு மாதத் தொழில்களும் இராசிகளும் அதில் உள்ளன. அத்தனை நூற்றாண்டு அதன் தலைக்கு மேல் மக்கள் நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் பிரான்சியோன் குன்றேறினோம். முதல் நாளே எங்களில் ஒருவருக்குக் கால் கொப்பளித்துவிட்டதால் ஏற்றம் மெதுவாகத்தான் நடந்தது. உச்சியில் பழைய கோட்டையும், மரத்தூண் நிறுத்திய சந்தை மண்டபமும், 12-ஆம் நூற்றாண்டுக் கோவிலும் இருக்கின்றன. கோவிலுக்குள் சுவரோவியங்கள் மங்கிக் கிடக்கின்றன. இவ்வூர்ப் பிரபு ஜொசெரான் கல்லில் படுத்திருக்கிறார். அரசர் புனித லூயிசுடன் சிலுவைப் போருக்குப் போன அவர், 1250-இல் எகிப்தில் மன்சூராவில் மாண்டார். ஒன்பதாண்டில் அவர் மகன் கோட்டையையே விற்றுவிட்டார். வாசலில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது.

குன்றிறங்கி ஷபேஸ் போனோம். வயல்களுக்கு நடுவே சில வீடுகள். அவற்றின் நடுவே சுமார் 35 மீட்டர் உயர மணிக்கூண்டுடன் புனித மார்த்தீனார் கோவில். 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. இதுவும் ஒருகாலத்தில் துறவியர் கோவில்தான். உள்ளே தூண்கள் நேராக நிற்கவில்லை. கூரையின் பாரத்தால் வெளிப்புறம் சாய்ந்திருக்கின்றன. ஆயிரம் ஆண்டாகச் சாய்ந்துகொண்டே நிற்கின்றன! எங்கள் நால்வரில் ஒருவர் கட்டடப் பொறியாளர். அவர் நெடுநேரம் ஒரு தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதை இடிக்கச் சொல்லி யாரும் என்னிடம் கையெழுத்துக் கேட்காதவரை நல்லது” என்றார்.

வழியில் இன்னொரு சிற்றூரில் கோவில் பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பாட்டி எங்கள் பைகளைப் பார்த்துவிட்டு, கேட்காமலே சாவியுடன் வந்தார். கதவைத் திறந்தவர் முதலில் பீடத்துப் பூச்சாடியின் தண்ணீரை மாற்றினார். பிறகுதான் எங்களிடம் பேசினார். அவ்வூரில் திருப்பலி மாதமொரு முறைகூட இல்லையாம். ஒரே குருவானவர் இருபது, முப்பது ஊர்களைப் பார்த்துக்கொள்ளும் நிலை அந்நாட்டில் பல இடங்களில் உண்டு. 1905-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதற்கு முன் கட்டிய பங்குக் கோவில்கள் ஊராட்சியின் சொத்து. கூரை ஒழுகினால் ஊராட்சி மன்றம்தான் பணம் ஒதுக்க வேண்டும். ஆனாலும் பூவுக்குத் தண்ணீர் ஊற்றுவது ஊராட்சி மன்றமல்ல. நண்பகல் மணி அடித்தபோது எங்களோடு சேர்ந்து அவரும் நின்றார். நாங்கள் தமிழிலும் அவர் பிரெஞ்சிலுமாக மூவேளைச் செபத்தை முடித்தோம்.

குளூனிக்கு 10 கிலோமீட்டர் வடக்கே தெய்சே இருக்கிறது. சகோதரர் ரோஜே 1940-இல் தனியாளாக இங்கு வந்து, போர்க்காலத்தில் அகதிகளுக்கு வீட்டைத் திறந்துவிட்டவர். அவர் தொடங்கிய துறவறக் குழுவில் பிற சபையினரும் கத்தோலிக்கரும் சேர்ந்து வாழ்கின்றனர். 1986-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் இங்கு வந்தார். தெய்சே பாடல்களை நம் இளைஞர் குழு பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். 1962-இல் பெரிய ஆலயம் எழும்பும்வரை இச்சகோதரர்கள் செபித்தது ஊரின் பழைய சிறு கோவிலில்தான்.

இனிக் குளூனி.

910-ஆம் ஆண்டில் அக்குவித்தேன் கோமகன் வில்லியம் தன் நிலத்தைப் புனித இராயப்பர், சின்னப்பர் பெயருக்கு எழுதிக்கொடுத்தார். எந்தப் பிரபுவும், தன் சந்ததியார்கூட, இதில் தலையிடக்கூடாது என்பது நிபந்தனை. மடாதிபதி பெர்னோவின் தலைமையில் சில துறவியர் புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றத் தொடங்கினர். இருநூறு ஆண்டுகளில் ஐரோப்பா எங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மடங்கள் குளூனியைத் தாயாகக் கொண்டன. மடாதிபதி புனித ஓதிலோவை நாம் அறியாமலே ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். 1000-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும் நவம்பர் 2-ஆம் நாள் செபிக்க வேண்டுமெனத் தம் மடங்களுக்குக் கட்டளையிட்டவர் அவரே. அவ்வழக்கம் திருச்சபை முழுவதும் பரவிற்று. நாம் கல்லறைக்குச் சுண்ணாம்படித்து, மாலை சாத்தி, மெழுகுவர்த்தி ஏற்றும் நாள் குளூனியிலிருந்து வந்த நாள்.

புனித ஹூகோ 1088-இல் மூன்றாம் முறையாகக் கோவிலைக் கட்டத் தொடங்கினார். முன்பு இங்குத் துறவியாயிருந்த பாப்பரசர் இரண்டாம் உர்பான் 1095-இல் வந்து தலைப்பீடத்தை அர்ச்சித்தார். முழுதும் முடிந்தபோது அதன் நீளம் 187 மீட்டர். ரோமாபுரியில் இன்றைய இராயப்பர் பேராலயம் எழும்பும்வரை கிறிஸ்தவ உலகில் இதைவிடப் பெரிய கோவில் இல்லை. சுமார் 300 துறவியர் இரவும் பகலும் சங்கீதம் பாடினர். அந்த எண்ணிக்கை நிலைக்கவில்லை. பிற்காலத்தில் மடத்தில் வாழாதவர்களே அரசின் தயவால் மடாதிபதி ஆயினர். அமைச்சர்களாயிருந்த கர்தினால்மார் ரிஷெலியுவும் மசரேனும் அவர்களில் இருவர். பெரிய கோவிலுக்கும் அதில் செபிப்பவர்களுக்கும் இருந்த உறவு அப்போதே தளர்ந்துவிட்டது என்பது எங்கள் கருத்து.

பிரெஞ்சுப் புரட்சியில் திருச்சபைச் சொத்துகளை நாட்டுடைமையாக்கிய தீர்மானம் 1789 நவம்பர் 2-ஆம் நாள் நிறைவேறிற்று. ஓதிலோ குறித்த அதே நாள்! மறு ஆண்டு துறவற வாக்குகள் தடை செய்யப்பட்டன. 1798-இல் குளூனி ஆலயம் வியாபாரிகளுக்கு விலைபோனது. அவர்கள் வாங்கியது கோவிலையல்ல, கல்லை. நடுக்கோவிலை ஊடுருவித் தெரு போட்டார்கள். ஏறக்குறைய 25 ஆண்டுகள் இடித்தார்கள். அரசின் குதிரை லாயம் கட்டவும் அந்தக் கல் பயன்பட்டது. இன்று மிஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்கும் இல்லை.

நாங்கள் முதலில் பழைய தலைவாசலின் அடித்தளத்தில் போய் நின்றோம். அங்கிருந்து பார்த்தால், வெகு தூரத்தில், எட்டுமுகக் கோபுரம் ஒன்று தனியே நிற்கிறது. இடையில் தெருவும் வெட்டவெளியும். அந்தக் கோபுரம் கோவிலின் தென்கைப் பகுதி மட்டுமே. அதனடியில் நின்று சுமார் 30 மீட்டர் உயரக் கூரையை அண்ணாந்து பார்த்தபோது எங்களில் யாருக்கும் பேச்சு எழவில்லை. 1928 முதல் அமெரிக்க அறிஞர் கென்னத் கோனன்ட் அகழ்ந்து அளந்திராவிட்டால் முழு உருவத்தை நாம் அறிவது கடினம்.

துர்னுவும் ஷபேசும் தப்பின, குளூனி தப்பவில்லை. ஏன்? அன்று மாலை விடுதியில் இதைப் பற்றியே பேசினோம். துர்னு ஆலயம் புரட்சிக்குப்பின் பங்குக் கோவிலாயிற்று. ஞானஸ்நானத்துக்கும், மெய்விவாகத்துக்கும், அடக்கத்துக்கும் மக்கள் வந்துபோன கோவில், விற்பது எளிதல்ல. குளூனி ஊராருக்கோ நோத்ர்தாம், புனித மார்செல் என்று வேறு பங்குக் கோவில்கள் இருந்தன. அவை இரண்டும் இன்றும் இருக்கின்றன. மகா ஆலயத்துக்குத் துறவியர் மட்டுமே சொந்தம். துறவியர் போனதும் அதற்கு ஆளில்லை. அக்காலத்துப் பகையையும் பண ஆசையையும் நாங்கள் மறக்கவில்லை. ஆயினும் இந்த வேறுபாடும் எங்களுக்குச் சிறிதாகத் தோன்றவில்லை.

குளூனியின் சாயலைக் காண விரும்புவோர் பாரே-லெ-மோனியால் செல்ல வேண்டும். அங்குள்ள பழைய மடாலயக் கோவில் குளூனியின் அமைப்பைச் சிறிய அளவில் காட்டுகிறது. அதே ஊரின் கன்னியர் மடத்தில்தான் 1673 முதல் 1675 வரை திருஇருதய ஆண்டவர் புனித மார்கரீத் மரியாளுக்குக் காட்சி தந்தார். எங்கள் கால் இடம் தராததால் அங்கு வண்டியில்தான் போனோம். இன்னோர் உறவும் நமக்குண்டு. அருளாளர் ஆன் மரி ஜவுவே 1812-இல் குளூனியின் பழைய மடமொன்றில் தம் சபையை நிலைநாட்டினார். அந்தச் சூசையப்பர் சபைக் கன்னியர் 1827-இல் புதுச்சேரி வந்திறங்கினர். மகா ஆலயத்தின் இடிபாடு முடிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன.

கடைசியாகப் பார்த்தது, குளூனிக்குத் தெற்கே பெர்சே-லா-வில் என்ற ஊரில், புனித ஹூகோ ஓய்வுக்காக வந்து தங்கிய சிற்றாலயம். நம் கோவிலின் பீடப்பகுதி அளவுதான் இருக்கும். உள்ளே பீடத்துக்கு மேல், ஆண்டவர் இராயப்பருக்குச் சட்டச்சுருளை அளிக்கும் 12-ஆம் நூற்றாண்டு ஓவியம். நீலமும் சிவப்பும் இன்னும் மங்கவில்லை. குளூனியின் சுவரோவியங்கள் கல்லோடு போய்விட்ட நிலையில், அவற்றின் கைவண்ணத்தை ஊகிக்க இதுவே பெருந்துணை. பலகாலம் இது வெள்ளையடித்து மூடிக் கிடந்தது. 1887-இல் அவ்வூர்ப் பங்குக் குருதான் அதைக் கண்டுபிடித்தார். பின்னர் ஆங்கில வரலாற்றறிஞர் ஜோன் எவன்ஸ் அம்மையார் சிற்றாலயத்தை விலைக்கு வாங்கி, 1947-இல் மாக்கோன் நகர்க் கல்விக் கழகத்துக்குக் கொடையாக அளித்தார்.

ஊர் திரும்பியதும் நம் கோவில்பிள்ளையிடம், பீடத்துக்குப் பின்சுவரில் எத்தனை முறை வெள்ளையடித்திருப்பார்கள் என்று கேட்டோம். தம் அப்பா காலத்திலிருந்தே திருவிழாதோறும் ஒரு பூச்சு உண்டு என்றார். அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியவில்லை. ஏதோ சிறகு வரைந்திருந்ததாகப் பாட்டி சொன்னது மட்டும் நினைவிருக்கிறதாம்.