பேப்பர்க் கட்டில் வந்த படங்கள்

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய நேரம். ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதில்லை என்றாகிவிட்டது. சென்னையிலிருந்து வரும் பத்திரிகைக் கட்டுகளை, ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஓடும் வண்டியிலிருந்தே வெளியே வீசினார்கள். ஊருக்கு ஒரே பேப்பர் ஏஜெண்டாக இருந்த சம்சுதீனுக்கு, விழுந்த கட்டுகளைப் பொறுக்கியெடுக்க ஒரு கை கூடுதலாகத் தேவைப்பட்டது. உறவுக்காரப் பையன் ஒருவன் அகப்பட்டான். 1931 அக்டோபர் 15 அன்று பிறந்த அந்தப் பையன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். அவர் வாங்கிய முதல் சம்பளம் இந்த வேலைக்குத்தான்.

தன் வாழ்க்கைக் கதையான 'அக்னிச் சிறகுக'ளில் கலாம் இதைச் சொல்கிற இடத்தில், பலரும் தாண்டிப் போய்விடும் ஒரு சின்னத் தகவல் இருக்கிறது. அன்றைய ராமேஸ்வரத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர். அவர்கள் பத்திரிகை வாங்கியது சுதந்திரப் போராட்டச் செய்திக்காக, சோதிடத்துக்காக, சென்னையில் தங்கம் என்ன விலை என்று பார்ப்பதற்காக. அதிகம் பேர் கேட்டது 'தினமணி'. சிறுவன் கலாமுக்கு அந்த எழுத்துகள் எட்டவில்லை. அதனால், வீடு வீடாகப் போய்ச் சேருவதற்கு முன்னால், படங்களை மட்டும் பார்த்து வைத்துக்கொள்வான்.

இந்தக் கடற்கரையில் குழந்தைப் புத்தகத்தின் வரலாற்றை எழுத உட்காருகிறவர் இந்தக் காட்சியிலிருந்து தொடங்கலாம். அவனுக்கென்று யாரும் அச்சடிக்காத காகிதத்தில், பெரியவர்களுக்காகப் போட்ட படத்தில், எழுத்தை விட்டுவிட்டுத் தனக்கு வேண்டியதை ஒரு குழந்தை தானே தேடி எடுத்துக்கொண்டது. இரண்டு வயதுக் குழந்தையின் கையில் எதைக் கொடுத்தாலும் இதுதான் நடக்கிறது. கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால் அதிலிருக்கும் பிள்ளையாரைத் தொட்டுப் பார்க்கும். தீப்பெட்டியைக் கொடுத்தால் மேலட்டையில் இருக்கும் மயிலைப் பார்த்துச் சிரிக்கும். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்கும், கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டும், ஓரத்தைக் கடிக்கும். பிடித்த பக்கம் வந்துவிட்டால் மட்டும் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு நகர மறுக்கும்.

கலாமுக்கு வாய்த்த அடுத்த வாசல் எஸ்.டி.ஆர். மாணிக்கத்தின் வீடு. தீவிர தேசபக்தரான மாணிக்கம், புத்தகம் கிடைப்பதே அரிதாக இருந்த அந்தத் தீவில் பெரியதொரு சொந்த நூலகம் வைத்திருந்தார். முடிந்த மட்டும் படி என்று அந்தப் பையனை ஊக்கப்படுத்தினார். கேட்டபோதெல்லாம் இரவல் கொடுத்தார். ஒரு ஊரில் அப்படி ஒரு வீடு இருந்தால் போதும், ஒரு தலைமுறையில் நாலு பிள்ளைகளாவது வாசகராகிவிடுவார்கள். ஆனால் அந்த வீடு எல்லா ஊரிலும் இருப்பதில்லை.

அச்சு வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்துக் குழந்தைக்குப் புத்தகமென்று எது இருந்தது? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முதல் பக்கம் மணல்தான். விரலால் எழுதி, கையால் அழித்து, மறுபடி எழுதுவது. மணலுக்குப் பஞ்சமில்லாத கரை இது. பிறகு ஓலை. வாத்தியார் பாடத்தை ஓலையில் கீறிக் கொடுக்க, பாடம் ஏற ஏறப் பையனின் சுவடியும் பருத்துக்கொண்டே போகும். வீட்டில் அதைப் பூச்சி அரிக்காமல் மாட்டி வைக்கச் சுவடித்தூக்கு என்று ஒன்று இருந்தது. படம் கிடையாது, வண்ணம் கிடையாது. ஆனாலும் ஆத்திசூடி பிள்ளைகளின் நாவில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு அடியும் குழந்தையின் ஒரு மூச்சுக்குள் அடங்கும். அகர வரிசையில் வருவதால் அடுத்தது என்ன எழுத்து என்று குழந்தைக்கே தெரிந்துவிடும். அதன் அறிவுரைகள் மூன்று வயதுக்குப் புரியாது. ஓசை புரியும். ஔவை பெயரால் வழங்கும் அந்த நூல் இத்தனை நூற்றாண்டுகள் நின்றதற்குப் பொருளைவிட ஓசைதான் பெரிய காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

கீழக்கரையில் இன்னொரு வழி இருந்தது. தமிழையே அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ். அங்கே மதரசா நடத்தி, நூல்கள் இயற்றிய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அந்த எழுத்தில் எழுதியவர்களில் முதன்மையானவர். வலமிருந்து இடமாகக் கண்ணை ஓட்டி, வீட்டில் பேசும் தமிழையே வாசித்தவர்கள் இந்தக் கரையில் இருந்தார்கள். தமிழ்க் கல்வியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதற்கு இன்னும் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டும்.

அச்சிட்ட பாடநூல் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலர், 1850களின் தொடக்கத்திலிருந்து பாலபாடங்களை ஒவ்வொன்றாக வெளியிட்டார். எளிய உரைநடை, சின்னச் சின்ன வாக்கியம், படிப்படியாக ஏறும் பாடம். நாவலருக்கும் இந்தச் சீமைக்கும் நேரடி உறவு உண்டு. திருக்குறள் பரிமேலழகர் உரையும் திருக்கோவையார் உரையும் அவர் பதிப்பில் வெளிவரத் துணை நின்றவர் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர். பாலபாடம் பிள்ளைக்குச் சிந்தனையையும் ஒழுக்கத்தையும் ஊட்ட நினைத்த நூல். பிள்ளையைச் சிரிக்க வைப்பது அதன் நோக்கமாக இருக்கவில்லை. ஐரோப்பாவில் கொமேனியஸ் என்ற ஆசிரியர், பாடத்தைப் படத்தோடுதான் கொடுக்க வேண்டும் என்று 1658இலேயே ஒரு நூல் போட்டுவிட்டார். வங்காளத்தில் தாகூரின் 'சஹஜ் பாட்' 1930இல் நந்தலால் போஸின் படங்களோடு வந்தது. தமிழ்க் குழந்தை படத்துக்கு இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் காத்திருப்பு முடிந்த இடம் வெகுதூரத்தில் இல்லை. பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டைச் சீமை. ராயவரத்தில் 1922இல் பிறந்த அழ. வள்ளியப்பா, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாட்டு எழுதினார். 'மலரும் உள்ளம்' 1944இல் வந்தது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் பிறந்ததற்கும் அவரே காரணம். எண்ணிப் பார்த்தால் அதுவரை யாரும் குழந்தைக்காக மட்டும் எழுதுவதை ஒரு தொழிலாக, ஒரு சங்கமாக நினைக்கவில்லை. யானை, நாய், பொம்மை, மாம்பழம் என்று குழந்தையின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைப் பாடினார் வள்ளியப்பா. அறிவுரை வந்தாலும் பாட்டுக்குப் பின்னால்தான் வந்தது. பக்கத்து அரிமளத்துக்காரரான வி. கிருஷ்ணமூர்த்தி, 'வாண்டுமாமா' என்று பெயர் வைத்துக்கொண்டு அரை நூற்றாண்டுக்கும் மேல் பிள்ளைகளுக்காகவே எழுதினார். 'டமாரம்', 'சங்கு', 'டிங் டாங்', 'அணில்', 'ஜில் ஜில்' என்று அந்தக் காலத்தில் கிளம்பிய சிறுவர் இதழ்களின் பெயர்களைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாலே தெரியும், அவை யார் வாய்க்காக வைத்த பெயர்கள் என்று.

பிறகு 'அம்புலிமாமா'. நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்னால், தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய இதழ். பக்கத்துக்குப் பக்கம் படம் என்பதை அது ஒரு விதியாகவே கடைப்பிடித்தது. தோளில் வேதாளத்தைச் சுமந்து, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனின் படத்தை வரைந்த சங்கர் 2020இல் காலமானார். அவர் வரைந்த மன்னனின் நடையை, மரத்தின் கிளையை, மயானத்தின் இருட்டை, படிக்கத் தெரியாத தம்பியும் தங்கையும் அண்ணன் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள். கதையை அண்ணன் வாசிப்பான். படத்தை எல்லோரும் வாசிப்பார்கள். ஒரே இதழ் மூன்று வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் பயன்பட்டது இப்படித்தான். இன்று வயதுவாரியாகப் புத்தகம் பிரித்து விற்கும்போது, அந்தத் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கும் இடம் குறைந்துவிட்டது. அது ஒரு இழப்புதான்.

ராமேஸ்வரம் இந்த இதழ்களுக்கெல்லாம் வழித்தடமாக இருந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையில் ஏறுகிறவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் ஏறித் தலைமன்னாருக்குப் போய்விடலாம். போட் மெயில் என்று இன்றும் அந்த வண்டிக்குப் பெயர். ஆட்களோடு தபால் பையும் பத்திரிகைக் கட்டும் போயின. சென்னையில் அச்சான தமிழ் இதழ்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்கும் போய்ச் சேர இதுவே முக்கியமான வழி. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை அதிலிருந்தவர்களோடு கடல் கொண்டுபோயிற்று. அந்த இருப்புப்பாதை மறுபடி போடப்படவில்லை. கப்பல் அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பியது; 1980களில் அதுவும் நின்றது.

இனி ஒரு நிர்வாகக் கணக்கு. 1910இல் உருவான பழைய ராமநாதபுரம் மாவட்டம் மிகப் பெரியது. 1985இல் மூன்றாகப் பிரியும்வரை காரைக்குடி, சிவகங்கை, விருதுநகர் எல்லாம் அதற்குள் இருந்தன. சிவகாசியும்தான். தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சடித்துப் பழகிய அந்த ஊரிலிருந்து 1972 ஜனவரியில் 'முத்து காமிக்ஸ்' முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தது. 1962இல் லண்டன் வார இதழான 'வேலியண்ட்'டில் தொடங்கிய சித்திரக்கதை; மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் நாயகன். 1984இல் 'லயன் காமிக்ஸ்' சேர்ந்துகொண்டது. ஆக, தமிழ்ப் பிள்ளைகளைப் படக்கதைப் பைத்தியமாக்கிய அச்சகங்கள் ராமேஸ்வரம் இருந்த அதே மாவட்டத்தில்தான் இருந்தன. பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்ததற்காக அடி வாங்கியவர்கள் ஏராளம். காமிக்ஸ் படித்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று நம்பிய ஆசிரியர்களும் பெற்றோரும் நல்ல எண்ணத்தோடுதான் தடுத்தார்கள். ஆனால் கட்டத்துக்குக் கட்டம் கண்ணை நகர்த்தி, விட்டுப்போன இடத்தைத் தானே நிரப்பிக் கதையைப் பின்தொடரும் பழக்கத்தை அந்த மலிவுத் தாள்தான் சொல்லிக் கொடுத்தது.

பொது நூலகம் என்ற ஏற்பாடும் இதற்கிடையே வளர்ந்தது. கலாம் பிறந்த அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் தன் ஐந்து விதிகளை வெளியிட்டதும் அந்த ஆண்டுதான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது அவற்றில் ஒன்று. மூன்று வயது வாசகரும் வாசகர்தான் என்று அதற்குப் பொருள் கொண்டால், அந்த விதியின் நிறைவேற்றம் பல கிளை நூலகங்களில் இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது. போட்டித் தேர்வு நூல்களுக்கு இருக்கும் அலமாரி, சித்திரப் புத்தகத்துக்குக் கிடைப்பதில்லை. பள்ளி ஆண்டு விழாவில் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தலைவர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்துப் படமெடுத்துக்கொள்ளும் வழக்கமும் மாறவில்லை.

மாறியவையும் உண்டு. தாரா பதிப்பகம் 1994இலும் தூலிகா பதிப்பகம் 1996இலும் சென்னையில் தொடங்கி, ஓவியரை எழுத்தாளருக்குச் சமமாக வைத்துப் புத்தகம் போட்டன. 2015 முதல் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ச் சித்திரக் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அம்மாவின் போன் திரையே புத்தகமாகிறது. 2023இல் பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்தைத் தொடங்கி, ஒரே மூச்சில் முடித்துவிடக்கூடிய சின்னப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. அவற்றை வயதாலோ வகுப்பாலோ பிரிக்காமல் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக வைத்தார்கள். எட்டாம் வகுப்பில் இருந்தும் 'நுழை' படியில் நிற்கிற பிள்ளைக்கு அந்தச் சொல் அவமானமாகப் படாது. பெயர் வைத்தவருக்குக் குழந்தைகளைத் தெரிந்திருக்கிறது.

புத்தகத் திருவிழாவில் பாம்பனிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ வந்த ஒரு தாய், இடுப்பில் குழந்தையோடு நிற்கும்போது அவர் முன்னால் இன்று நூற்றுக்கணக்கான அட்டைகள் விரிந்து கிடக்கின்றன. கெட்டி அட்டை, பக்கத்துக்கு ஒரு படம், வாய்விட்டுச் சொன்னால் தாளம் தட்டுகிற சொல் என்று அவர் பார்த்து எடுக்கலாம்; அல்லது குழந்தையையே கீழே இறக்கிவிடலாம். ஆனால் அந்தக் குவியலில் பெரும்பாலும் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும்தான் இருக்கும். அந்தக் குழந்தை தினமும் பார்ப்பது வேறு. கரைவலை இழுக்கும் ஆட்களின் வரிசை, வலையில் மாட்டிய நண்டின் கால், வாடைக்காற்றில் கவிழ்த்து வைத்த நாட்டுப்படகு, காயப்போட்ட பாசி, பாலத்தைத் தாண்டும் ரயில். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றிக் கடல்பசுவும் ஆமையும் பவளப் பாறையும் இருக்கின்றன. மூன்று வயதுக்கான சித்திரப் புத்தகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? வரைகிறவர் ஒருவர் தங்கச்சிமடம் கரையில் விடிகாலை போய் உட்கார்ந்தால் போதும். படகுகள் திரும்பும் நேரம் அது.