பறிபோன லாரி லைசென்ஸ் திரும்பி வரும் வழி – அமெரிக்கக் கதை

லாரி ஓட்டுபவருக்கு லைசென்ஸ்தான் மூலதனம். அது போனால் அன்றைய வருமானம் போகும், வண்டியின் கடன் தவணை மட்டும் போகாது! அமெரிக்காவில் இந்த லைசென்ஸைப் பறிப்பதற்கே முதலில் ஒழுங்கான சட்டம் கிடையாது. திருப்பித் தருவதற்கான வழியோ அதைவிடத் தாமதமாக வந்தது.

1986-க்கு முன் அங்கே ஒரே ஓட்டுநர் இரண்டு மூன்று மாநிலங்களில் லைசென்ஸ் வாங்கி வைத்திருப்பது சகஜம். ஒரு மாநிலம் ரத்து செய்தால் அடுத்த மாநில அட்டையைக் காட்டி ஓட்டலாம். பல மாநிலங்களில் கார் லைசென்ஸ் இருந்தாலே பெரிய டிரெய்லரும் ஓட்டலாம் என்ற நிலை வேறு. 1986 அக்டோபரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு முடிவு கட்டியது. 1987 ஜூலை முதல் ஒருவருக்கு ஒரு லைசென்ஸ்தான். 1992 ஏப்ரல் முதல் கனரக வாகனம் ஓட்ட, நாடு முழுதும் ஒரே தரத்தில் தேர்வெழுதிப் பெறும் 'சி.டி.எல்.' கட்டாயமானது.

தண்டனையும் கடுமைதான். குடித்துவிட்டு லாரி ஓட்டினால் முதல்முறை ஓராண்டுத் தடை. அபாயகரமான சரக்கு ஏற்றியிருந்தால் மூன்றாண்டு. இரண்டாம் முறை என்றால் ஆயுள் தடை. 'ஆயுள்' என்றாலும் ஒரு வாசல் உண்டு. மாநிலம் ஏற்றுக்கொண்ட மறுவாழ்வுப் பயிற்சியை முடித்தவருக்குப் பத்து ஆண்டுகள் கழித்து லைசென்ஸைத் திருப்பித் தரலாம். தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, தரலாம் என்றுதான் சொல்கிறது. அந்த ஒரு சொல்லில்தான் ஓட்டுநரின் பிழைப்பு தொங்குகிறது. லாரியில் போதைப்பொருள் கடத்தியவருக்கு அந்த வாசலும் இல்லை, அது நியாயம்தான்.

போதைப்பொருள் சோதனையின் கதை தனி. 1987-ல் மேரிலாந்தில் 16 பேரைப் பலிகொண்ட ரயில் விபத்துக்குப் பின், 1991-ல் வந்த சட்டம் லாரி ஓட்டுநர்களுக்கும் சோதனையைக் கட்டாயமாக்கியது. ஆனால் சோதனையில் சிக்கியவரின் வேலைதான் போனது, லைசென்ஸ் சட்டைப்பையிலேயே இருந்தது. அடுத்த கம்பெனியில் வாய் திறக்காமல் சேர்ந்துவிடலாம். பழைய பல லைசென்ஸ் ஓட்டையே வேறு உருவில்!

2020 ஜனவரி 6-ல் தொடங்கிய மத்தியப் பதிவேடு இதை அடைத்தது. அதில் அதிகம் பதிவான பொருள் கஞ்சா. பல மாநிலங்களில் அது சட்டப்படி குற்றமில்லை. லாரி ஓட்டுநருக்கோ மத்திய விதிப்படி குற்றம். 2024 நவம்பர் 18 முதல், பதிவேட்டில் தடைபெற்றவரின் சி.டி.எல். தகுதியை மாநிலம் 60 நாட்களுக்குள் நீக்கியாக வேண்டும்.

திரும்பும் வழி எளிதானதும் இதே விதியில்தான். தகுதிபெற்ற நிபுணர் ஒருவர் மதிப்பிட்டு, அவர் சொன்ன சிகிச்சையோ பயிற்சியோ முடிந்து, மறுசோதனையிலும் தேறிவிட்டால் பதிவேட்டில் தடை நீங்கும். தகவல் மாநிலத்துக்குப் போகும். அவரை மீண்டும் லைசென்ஸுக்குத் தகுதியானவராக மாநிலம் ஏற்க வேண்டும். தவறாகப் பெயர் சேர்ந்திருந்தால் விரைவில் திருப்பித் தந்து, அந்தப் பதிவையும் அழிக்க வேண்டும். நடைமுறை மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மறுசோதனைக்கு அனுப்பும் அதிகாரம் வேலை கொடுப்பவருக்கே உண்டு. வேலையிழந்தவர் வேலை தேட வேண்டும், வேலை கிடைக்கச் சோதனை முடிந்திருக்க வேண்டும்... இது எப்படி நடக்கும்? நிபுணருக்கான கட்டணத்தைக் கம்பெனி தர வேண்டும் என்ற விதியும் இல்லை. தடைபெற்றவர்களில் பெரும்பாலோர் 2024-லும் திரும்பும் வழியில் முதல் அடியே வைக்கவில்லை என்பதில் ஆச்சரியம் என்ன? சோதனைக்கு அனுப்பும் உரிமையைச் சிகிச்சை பார்த்த நிபுணருக்கே கொடுத்திருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும்.

திரும்பி வந்தவரையும் சும்மா விடுவதில்லை. முதல் 12 மாதங்களில் முன்னறிவிப்பில்லாமல் குறைந்தது ஆறு சோதனைகள். நிபுணர் விரும்பினால் அது ஐந்தாண்டு வரை நீளும், கம்பெனி மாறினாலும் கூடவே வரும்.