பல் டாக்டர் பட்டத்தை ஏன் மறுபடி எடை போடுகிறார்கள்?



நம் வீடுகளில் பி.டி.எஸ். முடித்து அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அஞ்சு வருஷம் படிச்சாச்சு, பல்கலைக்கழகம் பட்டமும் கொடுத்தாச்சு. அதை இன்னொரு நிறுவனத்துக்குப் பணம் கட்டி மதிப்பிட்டு வாங்கிட்டு வான்னு சொல்றாங்களே, நம்ம படிப்பு மேல நம்பிக்கை இல்லையா சார்?" கேள்விக்குள் இருக்கும் வருத்தம் எனக்குப் புரிகிறது. சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் சரித்திரத்திலிருந்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

பல் மருத்துவத்துக்கென்று தனியாகப் பட்டம் கொடுத்த உலகின் முதல் கல்லூரி அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1840-இல் தொடங்கியது. ஹொரேஸ் ஹேடன், சேப்பின் ஹாரிஸ் என்ற இருவர் அதைத் தொடங்கினார்கள். டி.டி.எஸ். என்ற பட்டம் அங்கே பிறந்ததுதான். 1867-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் பல் மருத்துவப் பள்ளி தொடங்கி, டி.எம்.டி. என்று தன் பட்டத்துக்கு வேறு பெயர் வைத்தது. அந்தக் காலத்தில் அமெரிக்கப் பல் மருத்துவருக்கு ஐரோப்பாவில் தனி மவுசு. பிரான்ஸ் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனுக்குப் பல் பார்த்த தாமஸ் எவன்ஸ் ஓர் அமெரிக்கர்.

மவுசு இருக்கும் இடத்தில் போலியும் வரும். பணம் வாங்கிக்கொண்டு பட்டம் விற்கும் பெயரளவுக் கல்லூரிகள் அமெரிக்காவில் முளைத்தன. அந்தக் காகிதங்கள் கடல் கடந்து ஜெர்மனி வரை விலைபோயின. விளைவு, உண்மையாகப் படித்தவர்களின் பட்டத்தையும் ஐரோப்பியர்கள் சந்தேகமாகப் பார்த்தார்கள். இங்கிலாந்து 1878-இல் பல் மருத்துவர் சட்டம் கொண்டுவந்தபோது, அத்தனை அமெரிக்கக் கல்லூரிகளில் ஹார்வர்டு, மிச்சிகன் என்ற இரண்டின் பட்டங்கள் மட்டுமே அங்கே ஏற்கப்பட்டன. இன்று நம் பிள்ளைகள் நிற்கும் வரிசையில் முதலில் நின்றவர்கள் அமெரிக்கர்களே என்பதைக் கவனியுங்கள்.

அவர்கள் கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை, வீட்டைச் சுத்தம் செய்தார்கள். 1883-இல் தேர்வாளர்களின் சங்கம், 1884-இல் கல்லூரிகளின் சங்கம் அமைந்தன. பிறகு வில்லியம் கீஸ் என்ற உயிர்வேதியியல் பேராசிரியர் அமெரிக்கா, கனடா முழுவதும் பல் மருத்துவக் கல்லூரிகளை நேரில் போய்ப் பார்த்தார். 1926-இல் வந்த அவருடைய அறிக்கை, பல் மருத்துவக் கல்வி பல்கலைக்கழகத்தின் கீழ்தான் நடக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னது. 1928-இல் தேசிய அளவில் தேர்வு வாரியம் வந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் கல்கத்தாவில் தொடங்கியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. அவர் 1915-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். சென்னையில் 1953-இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக இந்தப் படிப்பு வந்தது. 1948-இல் நாமும் பல் மருத்துவர் சட்டம் இயற்றினோம். எந்தெந்தப் பட்டங்கள் இங்கே செல்லும் என்று அதில் ஓர் அட்டவணையே சேர்த்தோம். வெளிநாட்டுப் பட்டங்களுக்கும் அதில் தனி இடம் கொடுத்தோம். ஆக, எடை போடும் வேலையை நாமும்தான் செய்கிறோம்.

அமெரிக்காவில் வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் அமைப்புகளில் டபிள்யூ.இ.எஸ். 1974-இலும், இ.சி.இ. 1980-இலும் தொடங்கின. இவை அரசு அலுவலகங்கள் அல்ல. வெளிநாட்டு மருத்துவர்களுக்கு இ.சி.எஃப்.எம்.ஜி. என்று 1956 முதல் ஒரே வாசல் உண்டு. பல் மருத்துவர்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. உரிமம் கொடுப்பது அந்தந்த மாநிலம். பெரும்பாலான மாநிலங்கள் அமெரிக்காவிலோ கனடாவிலோ அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் பட்டத்தைக் கேட்கும். அதனால்தான் நம் பிள்ளைகள் அங்கே போய் மீண்டும் இரண்டு, மூன்று வருஷம் படிக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்துக்கான விண்ணப்பத்தோடுதான் மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்கிறார்கள்.

அந்த அறிக்கையில் என்ன இருக்கும்? நீங்கள் படித்த ஒவ்வொரு பாடமும் அவர்கள் கணக்கில் எத்தனை கிரெடிட், நம் மதிப்பெண் அவர்கள் முறையில் என்ன கிரேடு என்று இருக்கும். இதில் நமக்கு ஒரு நன்மை இருக்கிறது. பி.டி.எஸ்.ஸில் 50 எடுத்தால் பாஸ், 60 என்றால் பல பல்கலைக்கழகங்களில் முதல் வகுப்பு. அமெரிக்க வகுப்பறையில் 60 என்பது தோல்விக்குப் பக்கத்து வீடு. யாரும் மொழிபெயர்த்துச் சொல்லாமல் நம் மார்க் ஷீட் அப்படியே மேஜைக்குப் போனால், முதல் வகுப்புப் பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். மதிப்பீடு என்பது நம் எண்ணுக்குக் கிடைக்கும் துபாஷி.

ஆனால் அது கையின் திறமையை அளக்காது. அதற்கு ஐ.என்.பி.டி.இ. தேர்வு, நேர்காணல், சில கல்லூரிகளில் செய்முறைத் தேர்வு என்று தனியாக இருக்கின்றன. அறிக்கை கையில் வந்தால் சீட் கிடைத்த மாதிரி என்று எந்த ஏஜெண்ட் சொன்னாலும் நம்பாதீர்கள்.

போகிற பிள்ளைகளுக்கு மூன்று விஷயம். ஒன்று, பெயர். நம் ஊர் இனிஷியல் அவர்களுக்குப் புரியாது. மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் சிக்கல்தான். இரண்டும் ஒருவரே என்பதற்கான ஆவணத்தை முதலிலேயே தயார் செய்யுங்கள். இரண்டு, டிரான்ஸ்கிரிப்ட். பெரும்பாலும் பல்கலைக்கழகமே நேராக அனுப்பினால்தான் ஏற்பார்கள், உங்கள் கையால் அனுப்பினால் செல்லாது. போலிப் பட்டம் விற்ற காலத்தின் பாடம் அது. பல்கலைக்கழக வேலை மெதுவாக நடக்கும், பல மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள். மூன்று, எந்தக் கல்லூரி எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்கும் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இதில் அவமானப்பட எதுவும் இல்லை. பால்டிமோரில் படித்தவரையே உலகம் ஒரு காலத்தில் "உன் காகிதத்தைக் காட்டு" என்று கேட்டிருக்கிறது. தலை நிமிர்ந்து காட்டுங்கள்.

இந்த வழியில் போய் வந்த நம் பழைய மாணவர்கள் யாராவது இருந்தால், உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். தம்பி தங்கைகளுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்