கண்ணாடி போன கதை

இல்லாத ஒன்றைச் சொல்லிப் பெயர் வைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. மதுரையில் வடக்குக் கோபுரத்துக்கு மொட்டைக் கோபுரம் என்று பெயர். நெடுங்காலம் மேல்நிலை முடியாமல் நின்றதால் வந்த பெயர் அது. பிறகு மேல்நிலை எழும்பியும் பெயர் மட்டும் போகவில்லை. காமிராக்களிலும் இப்போது அப்படி ஓர் இனம் வந்திருக்கிறது. 'மிர்ரர்லெஸ்' என்கிறார்கள்; அதாவது, கண்ணாடி இல்லாதது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காமிராவும் கையுமாகக் கூடுகிற எங்கள் சிநேகிதர் கூட்டத்தில் கொஞ்ச காலமாக இதைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஒருவர் புது லென்ஸ் வாங்கிவிட்டால் போதும். பெண் பார்த்துவிட்டு வந்தவரைச் சூழ்ந்துகொள்வது போல் எல்லோரும் சூழ்ந்துகொள்வார்கள். லட்சணம் எப்படி, கனம் எத்தனை, விலை தகுமா என்று ஒரே விசாரணை. நான் கதை எழுதுகிறவன். லட்சணத்தைவிடப் பூர்வோத்தரத்தில்தான் எனக்கு ஆசை. காமிராவுக்குள் அந்தக் கண்ணாடி எதற்காகப் போயிற்று? பிறகு ஏன் வெளியே வந்தது?

போட்டோ என்பது பிறப்பதற்கு முன்பே கண்ணாடி பிறந்துவிட்டது. இருட்டுப் பெட்டியின் ஒரு பக்கம் லென்ஸ் வைத்தால் மறு பக்கத்தில் உருவம் தலைகீழாக விழும். உள்ளே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் அந்த உருவம் நிமிர்ந்துகொண்டு பெட்டியின் மேல்பக்கம் வந்து நிற்கும். அதன்மேல் காகிதத்தை விரித்துச் சித்திரக்காரர்கள் கோடு இழுத்தார்கள். 1685-ல் ஜெர்மானியத் துறவி யோஹான் ட்ஸான் இப்படிப்பட்ட பெட்டிகளைப் படம் போட்டே விளக்கியிருக்கிறார். போட்டோ வந்த பிறகு, 1861-ல் தாமஸ் ஸட்டன் என்ற ஆங்கிலேயர் இதே கண்ணாடியைக் காமிராவுக்குள் வைத்துக் காப்புரிமை வாங்கினார்.

ஆனால் ஜனங்கள் கைக்குக் காமிரா வந்தது கண்ணாடியோடு அல்ல. ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கார் பார்னாக் ஆஸ்துமாக்காரர். பெரிய காமிராவைச் சுமந்து மலை ஏற அவரால் முடியாது. சினிமா பிலிமை எடுத்துப் படுக்கை வாட்டத்தில் ஓடவிட்டு, 24 மில்லிமீட்டருக்கு 36 மில்லிமீட்டர் அளவில் படம் விழும்படி ஒரு சிறு காமிரா செய்துகொண்டார். அதுதான் 1925-ல் லைப்ஸிக் சந்தைக்கு வந்த லைக்கா. உலகத்துக்குப் பெரிய உபகாரம் ஒரு மனிதரின் மூச்சிரைப்பிலிருந்து வந்தது!

லைக்காவுக்குள் கண்ணாடி கிடையாது. மேலே ஒரு சிறு ஜன்னல். அதன் வழியாகப் பார்க்க வேண்டியது. லென்ஸ் பார்ப்பது ஒன்று, கண் பார்ப்பது அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தூரத்துக் காட்சிக்குப் பாதகமில்லை. பக்கத்தில் இருக்கிற பூவையோ குழந்தையையோ எடுக்கும்போது தலை தப்பினால் தம்பிரான் புண்ணியம்.

இந்தக் குறையைப் போக்கத்தான் கண்ணாடி திரும்பி வந்தது. 1936-ல் டிரெஸ்டன் நகரத்து எக்ஸாக்டா சிறு பிலிமுக்கு ஏற்றபடி அதை உள்ளே வைத்தது. 1949-ல் அதே நகரத்துக் காண்டாக்ஸ் எஸ், ஐந்து மூலைப் பட்டகம் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு, உருவத்தை இடம் வலம் மாறாமல் கண்ணுக்கு நேரே காட்டியது. லென்ஸ் காண்பதையே கண்ணும் காணும். ஐயம் தீர்ந்தது.

தீர்ந்ததா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை இருக்கிறது. கண்ணாடி நிற்பது லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவில். படம் விழ வேண்டுமானால் அது வழிவிட வேண்டும். பொத்தானை அழுத்தியதும் 'டப்' என்று மேலே எழும். ஷட்டர் திறந்து மூடும். அந்த வேளையில் பார்ப்பவர் கண்ணுக்கு முன்னால் ஒரே இருட்டு. பழைய காமிராக்களில் அடுத்த படத்துக்குப் பிலிமைச் சுற்றும்வரை இருட்டுதான். 1954-ல் ஜப்பானின் அஸாஹி கம்பெனி, எழுந்த கண்ணாடி உடனே இறங்கும்படி செய்தது. இருட்டு இமைப்பொழுதாகக் குறைந்ததே தவிர, ஒழியவில்லை. ஆக, லென்ஸ் காண்பதையெல்லாம் காட்டுகிறேன் என்று வந்த கண்ணாடி, எந்தக் கணத்துக்காகக் காமிராவைத் தூக்கினோமோ அந்த ஒரு கணத்தை மட்டும் மறைத்துவிட்டது. 1959-ல் வந்த நிக்கான் எப் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு யுத்தகளங்களுக்குப் போன தீரர்களும், தாங்கள் எடுத்த கணத்தை லென்ஸ் வழியாகப் பார்த்தவர்கள் அல்லர்!

அதே 1959-ல் ஒலிம்பஸ் கம்பெனியில் யோஷிஹிஸா மைத்தானி என்ற இளைஞர் வேறு வழியில் யோசித்துக்கொண்டிருந்தார். வயது 26. கல்லூரி நாளிலிருந்தே காமிராப் பித்து. கையில் லைக்கா வைத்திருந்தவர். சாமானிய உத்தியோகஸ்தனும் வாங்கும்படியாக, 6,000 யென்னில் ஒரு காமிரா செய்ய வேண்டும் என்பது அவர் கனவு. செலவை மற்றதில் எல்லாம் சுருக்கி லென்ஸில் மட்டும் சுருக்காமல் 'பென்' என்ற காமிராவைச் செய்தார். பேனா போல் சட்டைப் பையில் இருக்கட்டும் என்று அந்தப் பெயர். ஒரு படம் விழும் இடத்தில் இரண்டு விழும்; முப்பத்தாறு படச் சுருளில் எழுபத்திரண்டு. பிலிம் விலையைக் கண்டு பயப்படும் குடும்பங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பின்னால் 1972-ல், கண்ணாடி வைத்த காமிராவையே இளைக்க வைத்து எம்-1 என்று கொண்டுவந்தார். கண்ணாடி எழுந்து விழும் அதிர்ச்சியைத் தணிக்க உள்ளே ஒரு காற்றுத் தாங்கியும் வைத்தார். அவருக்கும் அந்த 'டப்' பிடிக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

பிலிம் போய் மின்சாரத் தகடு வந்த பிறகு கண்ணாடிக்கு வேலையே இல்லை. தகட்டில் விழுவதை அப்படியே ஒரு சிறு திரையில் காட்டிவிடலாமே! இதைத் துணிந்து செய்தவர்கள் காமிரா உலகத்தின் சக்கரவர்த்திகள் அல்லர். 2008-ல் முதலில் வந்தது டெலிவிஷன் பெட்டிக்குப் பேர்போன பானஸோனிக்கின் ஜி-1. மறு வருஷம் ஜூன் மாதம் ஒலிம்பஸ் தன் முதல் கண்ணாடியில்லாக் காமிராவை வெளியிட்டது. பழைய பென் பிறந்து ஐம்பது வருஷம் ஆனதால் அதே பெயரை அதற்குச் சூட்டினார்கள். அடுத்த மாதக் கடைசியில், எழுபத்தாறாவது வயதில் மைத்தானி காலமானார்.

தொழில்காரர்கள் இவற்றை விளையாட்டுச் சாமான் என்றார்கள். சொன்னதில் நியாயமும் இருந்தது. திரையில் உருவம் ஒரு கணம் பிந்தி வரும்; மங்கிய வெளிச்சத்தில் எறும்பு ஊர்வது போல் புள்ளி புள்ளியாகத் தெரியும்; பாட்டரி பாதி முகூர்த்தத்தில் தீர்ந்துபோகும். கல்யாண வீட்டில் அதை நம்பி யார் இறங்குவார்கள்? ஆனால் பொழுதுபோக்குக்குப் படம் எடுப்பவனுக்கு முகூர்த்தம் தவறிவிடும் என்ற பயம் இல்லை. கழுத்து வலிக்காமல் நாள் முழுதும் சுமந்தால் போதும் அவனுக்கு. அவன்தான் வாங்கினான். குறைகளைச் சகித்துக்கொண்டு அடுத்ததையும் வாங்கினான். 2011-ல் நிக்கானும் 2012-ல் கானனும், பெரிய காமிராக்களின் வியாபாரத்துக்குக் குந்தகம் வராத அளவில், அரை மனசாகச் சின்னக் காமிராக்களை விட்டுப் பார்த்தார்கள். ஸோனி 2013-ல் லைக்கா அளவுத் தகட்டையே வைத்து ஆல்பா 7 என்று இறக்கியது. 2017-ல் அவர்களுடைய ஆல்பா 9 வந்தபோது, விநாடிக்கு இருபது படம் எடுத்தும் திரை ஒருமுறைகூட இருளவில்லை. கண்ணாடி மறைத்த கணம் கடைசியில் கண்ணுக்கு அகப்பட்டது. 2018-ல் நிக்கானும் கானனும் முழு மனசோடு இந்தப் பக்கம் வந்தார்கள். 1959-லிருந்து மாறாத தன் லென்ஸ் வளையத்தையே நிக்கான் இதற்காக மாற்றிக்கொண்டது.

நஷ்டமும் இல்லாமல் இல்லை. கண்ணாடி காட்டியது வெளிச்சத்தை. திரை காட்டுவது வெளிச்சத்தின் செய்தியை. சாயங்கால வேளையில் என் பழைய காமிரா வழியாகப் பார்த்தால் தெரு தெருவாகவே இருக்கும். புதியதில் பார்த்தால் தெரு ஏற்கெனவே படமாகிவிட்டிருக்கிறது. சிலருக்கு அது சௌகரியம். எனக்கு இன்னும் பழகவில்லை.

ஆனால் யாரும் எதிர்பாராத ஒரு லாபம் கிடைத்தது. கண்ணாடி எழுந்து விழ இடம் வேண்டும் என்பதற்காக லென்ஸைத் தள்ளி வைத்திருந்தார்கள். பழைய நிக்கானில் வளையத்திலிருந்து பிலிமுக்கு 46.5 மில்லிமீட்டர். கண்ணாடி போனதும் ஸோனியில் அது 18 ஆயிற்று. புது நிக்கானில் 16. நடுவில் மிச்சப்பட்ட இடத்தில் ஒரு வெறும் உலோக வளையத்தைப் பொருத்தினால் எந்த ஊர், எந்தக் காலத்து லென்ஸும் அநேகமாக உட்கார்ந்துவிடும். பரணில் கிடந்த லென்ஸுகளுக்கெல்லாம் உயிர் வந்தது. ரஷ்யாவில் ஸெனித் காமிராக்களோடு விற்ற ஹீலியோஸ் லென்ஸில், பின்னால் உள்ள இலைகள் சுழல்வது போல் விழும். ஒரு காலத்தில் குற்றமாக எண்ணிய இதை இன்று காசு கொடுத்துத் தேடுகிறார்கள். கூர்மையான இடம் எது என்று திரையே வர்ணக் கோடு போட்டுக் காட்டுவதால், கையால் திருப்புகிற பழைய லென்ஸ் இப்போது கண் மங்கியவருக்கும் சுலபம்.

எங்கள் கூட்டத்தில் ஒரு பாங்கு உத்தியோகஸ்தர், ரிடையரானவர், ஒருநாள் காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். அவருடைய தகப்பனார் சிங்கப்பூரில் இருந்தபோது வாங்கிய டாக்குமார் லென்ஸ். அஸாஹி கம்பெனியின் சரக்கு. வில்லை நல்ல தேயிலைத் தண்ணீர் நிறத்தில் மஞ்சளித்திருந்தது.

"பூசணம் போல இருக்கு, சார். தூக்கிப் போட மனசு வரலை" என்றார்.

பூசணம் இல்லை. அந்தக் காலத்தில் வெளிச்சம் நன்றாக வளைவதற்காகச் சில லென்ஸுகளின் வில்லையில் தோரியம் கலந்தார்கள். அதன் கதிர்வீச்சில் வருஷக்கணக்கில் வில்லையே நிறம் மாறும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சள் மெல்ல இறங்கும். இதைச் சொன்னதும், மனிதர் சித்திரை மாதம் முழுவதும் மொட்டை மாடியில் வடாத்தோடு வடாமாக லென்ஸைக் காயப் போட்டார். காக்காய்க்கு வடாத்தைவிட லென்ஸின் மேல்தான் கண் என்று ஒரு குச்சியோடு காவலும் இருந்தார்.

லென்ஸ் தெளிந்துவிட்டது. தகப்பனார் அதில் அவரைப் படம் எடுத்தார். அவர் இப்போது கண்ணாடி இல்லாத காமிராவில் அதை மாட்டிப் பேத்தியைப் படம் எடுக்கிறார். அந்தக் காமிராவில் ஷட்டர் சத்தத்தைக்கூட நிறுத்தி வைத்துக்கொள்ளலாம், நிறுத்தித்தான் வைத்திருக்கிறார். குழந்தைக்குத்தான் அது சரிப்படவில்லை. சிரித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, "எடுத்தாச்சா தாத்தா? எடுத்தாச்சா?" என்று கேட்டபடி இருக்கிறாள்.