ஆற்றுக்கு நடுவே

என் பாட்டி கடைசியாகத் தெளிவாகச் சொன்ன வார்த்தை, "பயமா இருக்குய்யா" என்பதுதான். மருத்துவமனைக் கட்டிலில் என் கையைப் பிடித்தபடி சொன்னார். மறுநாள் அடக்க ஆராதனையில், "அம்மா கொஞ்சமும் பயமில்லாம கர்த்தர்கிட்ட போனாங்க" என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி முள்ளாகத் தைத்துவிட்டது. எண்பது வருஷம் ஜெபித்த ஒருத்தருக்குக் கடைசியில் பயம் வந்தால், அத்தனை நாள் விசுவாசமும் எங்கே போனது?

பாட்டி பிறந்தது 1940-இல், பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். கெடா மாநிலம் 1909 வரை சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. அந்த வருஷ ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ்காரர்கள் வந்தார்கள், ரப்பர் பெருகியது, பால் வெட்டத் தமிழர்கள் வந்தார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்களும் அதில் உண்டு. பாட்டியின் பெற்றோர் அப்படி வந்தவர்கள். தோட்டத்தில் கோயில் கட்டிடம் எல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் லயத்து வீட்டில் பாய் விரிப்பார்கள், அதுதான் சபை.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஜித்ராவில் பிரிட்டிஷ் அணியை உடைத்துக்கொண்டு கெடாவுக்குள் இறங்கியது. அடுத்த இரண்டு வருஷத்தில் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டு போனார்கள். சிலரை ஆசை காட்டி, சிலரைப் பிடித்து. பாட்டியின் அப்பா போனபோது பாட்டிக்கு மூன்று வயது. அதே 1943-இல் ஜப்பான் கெடாவை சயாமிடமே ஒப்படைத்தது. "எங்கப்பாவ சயாமுக்குக் கொண்டு போனாங்க, அப்புறம் சயாமே இங்க வந்திருச்சு. அவரு மட்டும் வரல" என்று பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை.

அந்தப் பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. காலராவில் செத்த தோட்டத் தமிழனுக்கு அப்படி ஒரு கல் இல்லை. அதனால் வீட்டில் இருந்தவர்களுக்குச் செய்தி என்று எதுவும் வரவில்லை. ஆள் செத்தானா, இருக்கிறானா என்றே தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் கடவுளை நம்புவது என்றால் என்ன?

பாட்டியின் அம்மா தினமும் சாயங்காலம் முழங்கால் போட்டு, "அவரத் திருப்பிக் கொண்டாங்க சாமி" என்று கேட்பாராம். சில நாள் அழுகை, சில நாள் சண்டை. வருஷங்கள் போயின. ஒரு கட்டத்தில் ஜெபம் மாறிவிட்டது. "அவரு எங்க இருந்தாலும் உங்ககிட்ட இருக்கட்டும்." எப்போது மாறியது என்று பாட்டிக்குத் தெரியவில்லை. "ஒரு நாள்ல மாறலய்யா. நாங்க கவனிக்கிறப்ப மாறியிருந்துச்சு."

இந்த இடத்தில்தான் எனக்கு எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ஞாபகம் வருகிறார். 1827-இல் திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனில் ஊறி வளர்ந்தவர். சாயர்புரத்தில் கிறிஸ்தவர்களின் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி அவர் எழுதிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வெளிவந்தது. நடுவில் 36 வருஷம். மதம் மாறியது ஒரு நாளில் நடந்திருக்கலாம். அந்தக் காவியத்துக்குள் இருக்கும் அன்பு ஒரு நாளில் வந்ததல்ல. பனியன் கதையில் சிலுவையைக் கண்டதும் பயணியின் முதுகுச் சுமை விழுந்துவிடும், கதை நகர்ந்துவிடும். கிருஷ்ணபிள்ளை அப்படி நகர மாட்டார். கிறிஸ்துவின் பாடுகளை விரிவாகச் சொல்வார். நடுநடுவே தேவாரம் என்ற பெயரிலேயே பாட்டு வைப்பார். நின்று பார்த்துப் பார்த்து உருகுவது நம் பக்தி மரபு. அன்பு அங்கேதான் வளர்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பாட்டி இறந்த பிறகு பனியனின் கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். அந்தப் பயணி ஒழுங்காக முன்னேறிக்கொண்டே போகிறவன் இல்லை. தொடக்கத்திலேயே சேற்றில் விழுகிறான். பாதி வழி கடந்த பிறகும் சந்தேகக் கோட்டையில் அடைபட்டு, சாகலாமா என்று யோசிக்கிறான். அதைத் திறக்கும் சாவி அவன் மடியிலேயே இருந்தது, மறந்திருந்தான். கடைசியில் மோட்ச நகரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், மரண ஆற்றில் இறங்கியதும் பயந்து மூழ்கப் பார்க்கிறான். இத்தனைக்கும் பிறகா என்று எனக்குக் கோபமே வந்தது. ஆனால் பனியன் அவனைக் கண்டிக்கவில்லை. பக்கத்தில் வரும் நண்பன் அவன் தலையை நீருக்கு மேல் தாங்கிப் பிடித்து, காலுக்குக் கீழே தரை தட்டுகிறது என்று சொல்கிறான். பயணி கரையேறுகிறான்.

கூலிமில் தொழிற்சாலை வேலை எனக்கு. சோதனையில் தேறாத பொருளை நாங்கள் நம்ப மாட்டோம். விசுவாசத்தையும் அப்படியே அளந்திருக்கிறேன், பயம் இருந்தால் தேறவில்லை என்று. பாட்டியோ பயத்தை மறைக்கவில்லை. அவருடைய அம்மா சண்டை போட்ட அதே கடவுளிடம்தான் அவரும் பயத்தோடு போனார். நம்பாத ஒருத்தரிடம் யாரும் அத்தனை வருஷம் சண்டை போட மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

நான் இன்னும் பாட்டி மாதிரி ஜெபிக்கிறவன் இல்லை. அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க பாட்டி" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். இப்போதாக இருந்தால் அதைச் சொல்ல மாட்டேன். "பிடிச்சிருக்கேன் பாட்டி, தரை தட்டும்" என்று சொல்லியிருப்பேன்.